பிறந்த நாட்டை விட்டுப் பெயர்தல் துரோகமா?

நாவலப்பிட்டிப் புகையிரத நிலையம் 1874ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் பின் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் மலைநாட்டு இருப்புப் பாதையின் எல்லையாக அந்நிலையமே விளங்கிற்று. மேலேயுள்ள தோட்டங்களுக்குச் செல்வோர் அங்கிருந்து கால்நடையாகவே மலையேற வேண்டியிருந்தது. நூறாண்டு கழிந்தது. அவ்வாறு ஏறிச் சென்றவர்களுடைய பேரன்மாரும் பேத்திமாரும் தகரப் பெட்டிகளையும் பாத்திர மூட்டைகளையும் சுமந்துகொண்டு அதே நிலையத்தின் வழியே கீழ்நோக்கிச் சென்றனர். அட்டனிலும் தலவாக்கலையிலும் வண்டி ஏறியவர்கள் நாவலப்பிட்டியைக் கடந்து, கம்பளை, பேராதனை, பொல்காவலை வழியாக வடக்கே திரும்பி, மதவாச்சியில் மேற்கே பிரிந்து தலைமன்னார்த் துறையை அடைந்தார்கள். அங்கே கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். 1960ஆம் ஆண்டுகளின் பிற்பகுதி தொடங்கி, கப்பற் போக்குவரத்து நின்றுபோன 1984ஆம் ஆண்டு வரை இப்பயணம் நடந்தது. சென்றவர் தொகை, பிள்ளைகளையும் சேர்த்து, நான்கு இலட்சத்துக்கும் மேலாகும்.

இவர்களைப் பற்றி அக்காலத்தில் மூன்று விதமான பேச்சு எழுந்தது. உண்டு வளர்ந்த நாட்டை உதறிச் செல்கின்றனர் என்றனர் சிலர். தம் சொந்த நாட்டுக்குத்தானே செல்கின்றனர், இதில் வருந்துவதற்கு என்ன உண்டு என்றனர் வேறு சிலர். மூன்றாவது பேச்சு தோட்டத்து லயன்களிலேயே எழுந்தது. உரிமைக்காகப் போராட வேண்டிய வேளையில் எம்மைத் தனியே விட்டுப் போகின்றனரே என்பது அது. மூன்றும் ஒரே கேள்வியின் மூன்று முகங்கள். பிறந்த நாட்டை விட்டுப் பெயர்தல் அந்நாட்டுக்குச் செய்யும் துரோகமா என்பதே அக்கேள்வி.

இக்கேள்வி மிகப் பழையது. ஏதென்சு நகரத்துச் சிறையில் மரணத்தை எதிர்நோக்கியிருந்த சோக்கிரதீசைத் தப்பி ஓடுமாறு நண்பர் கிரீத்தோ வேண்டினார். சோக்கிரதீசு மறுத்துவிட்டார். அவர் சொன்ன காரணத்தைப் பிளேட்டோ எழுதி வைத்திருக்கிறார். நகரத்தின் சட்டங்களைப் பிடிக்காதவன் தன் உடைமைகளை எடுத்துக்கொண்டு விரும்பிய இடத்துக்குச் செல்லலாம் என்று ஏதென்சு அனுமதித்திருந்தது. அவ்வாறு செல்லும் உரிமை எழுபது ஆண்டு தமக்கு இருந்தும் தாம் செல்லாதிருந்தமையால், நகரத்தின் சட்டங்களை ஏற்றுக்கொண்டவராகிறோம் என்பது அவர் வாதம். இதன் உட்பொருள் ஊன்றி நோக்கத்தக்கது. கதவு திறந்திருந்தும் வெளியேறாதவனுடைய இருப்புக்கே பற்று என்னும் பெயர் பொருந்தும். கதவு அடைபட்ட வீட்டுக்குள் இருப்பவனைப் பற்றுள்ளவன் என்று எவ்வாறு சொல்வது?

பிற்காலத்து மன்னராட்சி இக்கருத்தை ஏற்கவில்லை. மன்னனுடைய நிலத்தில் பிறந்தவன் இறக்கும்வரை மன்னனுக்கே உரியவன் என்பது ஆங்கிலேயச் சட்டத்தில் 1608ஆம் ஆண்டளவில் உறுதிபெற்ற கொள்கை. அமெரிக்கக் கப்பல்களில் வேலை செய்த மாலுமிகளை, இவர்கள் பிறப்பால் எம் குடிகளே என்று கூறிப் பிரித்தானியக் கடற்படையினர் பிடித்துச் சென்றதும், அதுவே 1812ஆம் ஆண்டுப் போருக்கு ஒரு காரணமானதும் இக்கொள்கையின் விளைவுகள். பிறந்த நாட்டின் குடியுரிமையைத் துறத்தல் மனிதனின் இயல்பான உரிமை என்று அமெரிக்கா 1868இல் சட்டம் இயற்றிற்று. இரண்டாண்டு கழித்துப் பிரித்தானியாவும் பழைய கொள்கையைக் கைவிட்டது. ஆயினும் அப்பழைய எண்ணம் முற்றாக மடிந்துவிடவில்லை. கிழக்கு ஜெர்மனி 1961இல் பேர்லினுக்குக் குறுக்கே மதில் எழுப்பி, நாட்டை விட்டு ஓடுதலைக் குற்றமாக்கித் தண்டித்தது. குடிகளை உள்ளே நிறுத்துவதற்கு மதில் வேண்டியிருந்த அரசு, அம்மதில் இடிந்த 1989ஆம் ஆண்டுக்குப் பின் ஓராண்டுகூட நிலைக்கவில்லை.

நாவலப்பிட்டியின் கதையிலோ கதவு வேறு விதமாக இயங்கிற்று. அதை அறிவதற்கு முதற் பயணத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

கோப்பிக் காலத்திலும், கோப்பி நோயால் அழிந்தபின் வந்த தேயிலைக் காலத்திலும் தென்னிந்தியத் தொழிலாளர் இங்கு வந்தனர். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் முதலிய பகுதிகளே அவர்களுடைய ஊர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தை நினைவுகூர்ந்தால் அவர்கள் ஏன் பெயர்ந்தனர் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. நிலமில்லை, கூலியில்லை, சாதிக் கட்டுப்பாடோ குறைவின்றி இருந்தது. கங்காணி முன்பணம் கொடுத்தான். அக்கடன் பற்றுச்சீட்டில் ஏறிக்கொண்டது. மன்னார்க் கரையில் இறங்கி, வரண்ட காட்டு வழியே மாத்தளை வரை நடந்தவர்களில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் மிகப் பலர். அவர்களைத் தாய்நாட்டுத் துரோகிகள் என்று இந்தியாவில் ஒருவரும் அன்று பழித்ததில்லை. ஏழையின் பயணத்தை எவரும் பொருட்படுத்துவதில்லை என்பது ஒரு காரணமாகலாம். பசிக்கு முன் அச்சொல்லுக்குப் பொருளில்லை என்பதை யாவரும் உணர்ந்திருந்தனர் என்பது மற்றொன்று.

அவர்களுடைய பிள்ளைகள் இங்கே பிறந்தனர். இங்கேயே கொழுந்து பறித்தனர். தேயிலைச் செடிக்கு அடியிலேயே புதைக்கவும்பட்டனர். 1931ஆம் ஆண்டில் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தபோது, நிரந்தர வசிப்பைக் காட்டிய தோட்டத் தொழிலாளருக்கும் அது கிடைத்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நாவலப்பிட்டித் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த கே. இராஜலிங்கம். ஒரு தொகுதியின் மக்கள் தம் பிரதிநிதியைத் தேர்ந்து நாட்டின் சட்டமன்றத்துக்கு அனுப்புவதைக் காட்டிலும் அந்நாட்டின்மேல் நம்பிக்கைக்குச் சான்று வேறு வேண்டுமோ?

சுதந்திரம் வந்த 1948ஆம் ஆண்டிலேயே நிலைமை தலைகீழாயிற்று. அவ்வாண்டு இயற்றப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டம் நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. இந்நாட்டில் பிறந்திருத்தல் போதாது. தந்தையும் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும், அல்லது பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயன் அறையில் பிறந்தவனுடைய தந்தைக்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் எங்கிருந்து வரும்? 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. பிரஜை அல்லாதாருக்கு வாக்கில்லை என்றாயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் முன்னர் இராஜலிங்கத்தைத் தெரிவு செய்தவர்களுள் பெரும்பாலோர் வேடிக்கை பார்ப்போராயினர். இச்சட்டம் வந்து 25 நாள் கழித்து, அதே ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், பாரிசு மாநகரில் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. தன் நாடு உட்பட எந்நாட்டையும் விட்டுச் செல்லவும், தன் நாட்டுக்குத் திரும்பவும் எவருக்கும் உரிமையுண்டு என்பது அதன் பதின்மூன்றாம் பிரிவு. எவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு என்பது பதினைந்தாம் பிரிவு. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். தன் நாடு என்று ஒன்று இருந்தாலன்றோ அதை விட்டுப் போவது பற்றிய பேச்சு எழும்!

சட்டத்தை ஆதரித்தோர் கூறிய நியாயத்தையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். கண்டிச் சிங்களக் குடியானவனின் குறை கற்பனையன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தின் மூலம் கிராமத்தைச் சூழ்ந்திருந்த காடும் சேனையும் பறிபோயின; அவை தோட்டங்களாயின. தன் ஊரைச் சுற்றி அயல் மொழி பேசுவோர் பெருகி, அவர்களுடைய வாக்கே தன் தொகுதியின் பிரதிநிதியைத் தீர்மானிக்கும் நிலையை அவன் அச்சத்தோடு நோக்கினான். நிலத்தைப் பறித்தது தொழிலாளியல்லன் என்பதும், பறித்தவனுடைய பங்கு இலாபம் இலண்டனுக்குப் போயிற்று என்பதும் அவன் கண்ணுக்கு எளிதிற் புலப்படவில்லை. தொழிலாளியோ கண்ணெதிரே நின்றான்.

அரசியல்வாதிகள் இவ்வச்சத்துக்கு ஒரு வாதத்தின் வடிவம் கொடுத்தார்கள். இந்தியத் தொழிலாளருக்கு இந்நாட்டில் நிலையான பற்றில்லை. ஊருக்குப் பணம் அனுப்புகின்றனர். திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் இந்தியா சென்று வருகின்றனர். ஒரு காலை அங்கும் ஒரு காலை இங்கும் வைத்திருப்போர் எவ்வாறு விசுவாசமுள்ள குடிகளாவர் என்று கேட்டார்கள். ஆதாயத்தை ஆண்டுதோறும் கப்பலேற்றிய பிரித்தானியத் தோட்டக் கம்பனியிடம் இக்கேள்வியை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. தாய்க்கு ஐந்து ரூபா அனுப்பிய கொழுந்துக்காரியிடமே கேட்டார்கள்.

இக்குற்றச்சாட்டுக்கு விடை அரசாங்கத்தின் பதிவேட்டிலேயே இருக்கிறது. 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் விண்ணப்பத்தின் மூலம் பிரஜையாகும் ஒரு வழியைத் திறந்தது. மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இங்கே வசித்தமையை நிரூபிக்க வேண்டும். நோயுற்ற தாயைப் பார்க்கப் போய் ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டவனுடைய வசிப்பு அறுந்துபோனதாகக் கணிக்கப்பட்டது. முதலில் இச்சட்டத்தைப் புறக்கணித்த காங்கிரசு பின்னர் விண்ணப்பிக்குமாறு மக்களைத் தூண்டிற்று. 1951ஆம் ஆண்டில் காலம் முடிவதற்குள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. பிரஜாவுரிமை கிடைத்ததோ சுமார் 1,34,000 பேருக்கே. பற்றில்லை என்று பழிக்கப்பட்டவர்களில் எட்டு இலட்சம் பேர் இங்கேயே இருக்க விரும்புகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 1952 ஏப்பிரலில் அவர்களுடைய தலைவர்கள் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்ததும் இதன் பொருட்டே.

இனி அந்தக் கப்பற் பயணத்துக்கு வருவோம். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் புதுடில்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாத்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை அளிப்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் ஒப்புக்கொண்டனர். அம்மீதியை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பிரிக்கப்பட்ட மக்களின் ஒப்புதலை எவரும் பெறவில்லை. குடும்பமொன்று எடுத்துச் செல்ல அனுமதிக்கப்படும் உடைமையின் உச்ச அளவு 4,000 ரூபாவுக்குக் குறைக்கப்படமாட்டாது என்பதும் அவ்வுடன்படிக்கையின் ஒரு வாசகம். மூன்று தலைமுறை உழைத்த குடும்பத்துக்கு அதுவே ஒரு சலுகையாகக் கருதப்பட்டது.

ஐந்தேகால் இலட்சத்துக்கு மூன்று இலட்சம் என்பது ஏழுக்கு நான்கு என்னும் விகிதமாகும். இவ்விகிதம் வெறும் கணக்காக நிற்கவில்லை, சட்டமாயிற்று. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏழு பேருக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தால் நான்கு பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைக்கும். 1971இல் செய்த திருத்தமோ இன்னும் ஒரு படி சென்றது. குடியுரிமை கிடைத்தால் மட்டும் போதாது. ஏழு பேர் உண்மையில் நாட்டை விட்டு நீங்கினால்தான் நான்கு பேர் இங்கே பிரஜைகளாகலாம் என்றாயிற்று.

துரோகம் என்னும் குற்றச்சாட்டை இந்த விகிதத்துக்கு முன் நிறுத்திப் பார்க்க வேண்டும். துரோகம் என்பது உறவின் முறிவு. உறவு என்பது இரு பக்கமும் ஒப்புக்கொள்ள வேண்டியது. பிள்ளை என்று ஏற்க மறுத்த வீட்டை விட்டு வெளியேறுபவனைப் பெற்றோரைக் கைவிட்டவன் என்று ஊர் சொல்லாது. இலங்கை அரசு அவர்களைத் தன் குடிகள் என்று ஏற்கவில்லை. ஆதலின் குடிக்குரிய விசுவாசத்தைக் கோரும் உரிமையும் அதற்கு எழவில்லை. மேலும் அவர்கள் செல்ல வேண்டுமென்பது அரசின் விருப்பமே. செல் என்று சொன்னவனே சென்றதைக் குற்றமாகக் கூறுதல் பொருந்தாது.

லயன்களில் எழுந்த மூன்றாவது குறையே உள்ளத்தைத் தைப்பது. சென்றவர்களால் தங்கியவர்களுடைய பலம் குறைந்தது உண்மை. தொழிற்சங்கத்தில் ஆள் குறைந்தது. கோயில் திருவிழாவில் தப்படிக்க ஆளின்றிப் போன தோட்டங்களும் உண்டு. தந்தை இந்தியாவுக்கும், வயது வந்த மகன் இலங்கைக்கும் விண்ணப்பித்த குடும்பங்களில் பிரிவு வீட்டுக்குள்ளேயே நேர்ந்தது. ஆயினும் அந்த ஏழுக்கு நான்கை மறந்துவிடக் கூடாது. தங்கியவர்களில் ஒவ்வொரு நால்வருடைய பிரஜாவுரிமைப் பத்திரத்துக்கும் பின்னால் தலைமன்னார்த் துறையில் கப்பலேறிய எழுவர் நிற்கின்றனர். விட்டுப் போனார்கள் என்று நொந்துகொண்டவர்கள், போனவர்களாலேயே இங்கு நிலைபெற்றார்கள். கணக்கை இவ்வாறு அமைத்தது அரசுகளேயன்றி, போனவரும் அல்லர், இருந்தவரும் அல்லர்.

போனவர்களும் விரும்பியே போனார்கள் என்று சொல்வதற்கில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு நாட்டை வாட்டியபோது தோட்டங்களில் பட்டினிச் சாவு நேர்ந்தது. வேலை நாட்களும் குறைந்தன. இந்தியாவுக்கு விண்ணப்பித்துவிட்டுப் புறப்படத் தயங்கிக்கொண்டிருந்த பலர் அப்போதுதான் மூட்டை கட்டினர். 1977ஆம் ஆண்டு ஆகத்து மாதக் கலவரம் மற்றும் பலரைத் துரத்திற்று. உடன்படிக்கையில் இந்தியா ஏற்பதாகச் சொன்ன 5,25,000 என்னும் தொகையை இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர் தொகை கடைசிவரை எட்டவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. பஞ்சமும் கலகமும் சேர்ந்து உந்தியும் மக்களுடைய மனம் அத்தனை எளிதாகப் பெயரவில்லை.

இராமேசுவரத்தில் இறங்கியவர்களுக்கு இந்திய அரசு வைத்த பெயர் தாயகம் திரும்பியோர் என்பது. டிக்கோயாவிலோ நாவலப்பிட்டியிலோ பிறந்து, மண்டபம் முகாமில் முதன்முறையாகத் தமிழ்நாட்டு மண்ணை மிதித்தவன் எங்கே திரும்பினான்? அரசு அவர்களை முற்றாகக் கைவிட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி முதலிய இடங்களில் இவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டங்கள் உருவாக்கப்பட்டன. 1976 முதல் அவை தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக இயங்கின. கேரளத்திலும் கருநாடகத்திலும் இரப்பர்த் தோட்டங்களில் பலர் அமர்த்தப்பட்டனர். ஆனால் வியாபாரக் கடன் என்று கொடுத்துச் சமவெளியில் குடியேற்றப்பட்டவர்களின் கதை வேறு. கொழுந்து பறிக்க மட்டுமே அறிந்தவர்கள் கடை வைத்து என்ன செய்வார்கள்? கடனைத் தரகரிடம் இழந்து, கூலி தேடி மீண்டும் மலையேறியவர் பலர். இலங்கையில் கள்ளத்தோணி என்றும் இந்தியாக்காரன் என்றும் ஏசப்பட்டவர்கள் அங்கே சிலோன்காரர் ஆயினர். இரு நாட்டிலும் அந்நியன் என்று பெயர் பெற்றவன் எந்த நாட்டுக்குத் துரோகியாக இயலும்?

இவ்வாறு கூறுவதனால் நாட்டை விட்டுச் செல்வோர் யாவரும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவர் என்று பொருளாகாது. 1945ஆம் ஆண்டளவில் கன்னங்கராவின் முயற்சியால் இந்நாட்டில் இலவசக் கல்வி ஏற்பட்டது. கிராமத்துப் பிள்ளையை வைத்தியராக்கும் செலவை, தோட்டத் தொழிலாளியின் உழைப்பினால் வந்த ஏற்றுமதிப் பணமும் சேர்ந்தே சுமந்தது. அவ்வைத்தியர் பட்டம் பெற்றவுடன் இங்கிலாந்துக்குச் செல்வாராயின், கிராம ஆசுபத்திரியின் வரிசையில் நிற்பவன் நொந்துகொள்வதில் நியாயமுண்டு. பட்டதாரிகள் ஒரு காலம் அரசுப் பணி ஆற்ற வேண்டும் என்று 1961இல் சட்டம் இயற்றப்பட்டதும் இதனாலேயே. ஆனால் இங்கேயும் சொல்லைக் கவனமாக ஆள வேண்டும். அவ்வைத்தியர் நாட்டுக்குப் பட்டிருப்பது கடன். கடனைப் பணியாலோ பணத்தாலோ தீர்க்கலாம். தீர்த்தபின் அவர் விடுதலை பெற்றவர். துரோகம் அப்படித் தீர்க்கத்தக்கதன்று. கடன்காரனைத் துரோகி என்று அழைப்பவர்கள், பெரும்பாலும், கடனை வசூலிக்கும் வழியை நாடாமல் ஆளையே கட்டி வைக்க விரும்புகின்றனர். நாட்டின் இரகசியத்தை விற்றவனுக்கும், படையெடுத்து வந்தவனுக்கு வழிகாட்டியவனுக்கும் உரிய சொல்லை, கடவுச்சீட்டுக்கு வரிசையில் நிற்பவன்மேல் வீசலாகாது.

தோட்டத் தொழிலாளி பட்ட கடன்தான் என்ன? அவனுடைய லயன் தோட்டப் பாடசாலை, எழுத்தறிவு கூட்டுவதற்குள் பிள்ளையை மலைக்கு அனுப்பிவிட்டது. அவன் பறித்த கொழுந்தின் வருவாய் நாட்டை நடத்திற்று. ஐந்தொகை எழுதிப் பார்த்தால் பாக்கி எந்தப் பக்கம் என்பது விளங்கும்.

பிரஜாவுரிமைப் பிரச்சினை பின்னர்த் தீர்ந்த விதமும் அறியத்தக்கது. 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்றோர் பெரும்பாலோருக்குப் பிரஜாவுரிமை அளித்தன. கப்பல் நின்றுவிட்டதால் இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர்களையும் உட்கொண்டு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்களுடைய சந்ததியினரும் பிரஜாவுரிமை பெறலாம் என்றது அது. டில்லியில் கையொப்பமிட்ட அதே நாளை அளவுகோலாகக் கொண்டது. எனினும் கலவர காலத்தில் தப்பித் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்துகொண்டிருந்தோர் அந்த வசிப்பு நிபந்தனையால் தடைப்பட்டனர். 2009இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, இந்தியாவில் தங்க நேர்ந்த அவர்களுக்கு அந்நிபந்தனை தளர்த்தப்பட்டது.